பறி பல்லிலிருந்து இடுப்புக்கு இறங்கிய விவரம்

மதிப்பிற்குரிய மச்சான் வேதாசலத்துக்கு, உங்கள் தங்கை புருஷன் பச்சைமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்களும் ஏரியும் நலம்.

போன தை மாதம் இரண்டாம் வெள்ளி, காலை ஏழு மணியளவில், பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியை இனிமேல் பல்லில் கவ்வுவதில்லை என்று உங்கள் தங்கை ஜமுனா முடிவெடுத்தாள். அப்போது நானும் இடுப்பளவு தண்ணீரில் உடனிருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன். இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்குப் பறியை வைக்க வாயை விட்டால் இடமில்லை என்றுதான் இந்த ஏரியே நம்பியிருந்தது. அவள் எண்ணெய் டப்பா ஒன்றை வெட்டி, அதன் வாயில் பழைய சாக்ஸின் மேல்பகுதியைத் தைத்து, சைக்கிள் டியூபால் இடுப்பில் கட்டிக்கொண்டாள். கை போகும், கை வரும், இறால் வராது.

எனக்குத்தான் அதில் வருத்தம். நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் வாயில் பறி இருந்தது. "என்னைக் கட்டிக்கிறியா?" என்றேன். தலையை ஆட்டினாள். காதில் போன தண்ணீரை உதறியதாக, வாய் காலியான அன்றுதான் சொன்னாள். எல்லார் வாயிலும் பறி இருந்த அந்தப் பேசாத ஏரி இன்னும் கனவில் வருகிறது. இப்போது எல்லாரும் அவளைப் பார்த்து டப்பா கட்டிக்கொண்டதால், சண்டை, சம்பந்தம் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

பிறகு நீங்கள் வேலை பார்க்கும் பிளாஸ்டிக் கம்பெனியின் ஆபீசர் வந்தார்.

"இத நீயே செஞ்சியாம்மா?"

"பின்ன, டப்பா தானா வந்து கட்டிக்கிச்சா?"

பதினோரு போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார். ஆறே மாதத்தில் பொன்னேரி கடைவீதியில் ஆரஞ்சு நிறத்தில் அது தொங்கியது. நிபுணர் குழுவின் ஆறாண்டு ஆராய்ச்சி என்று ஒட்டியிருந்தார்கள். ஜமுனா அன்று சோறு தின்னவில்லை. "வேற ஒண்ணும் வாணாம். என் பேரப் போடச் சொல்லு. எங்கண்ணன் அங்க சும்மாவா குந்திக்கினு கீறாரு?" என்றாள். போனில் சொன்னதற்கு, "பாக்கலாம் மாப்ள" என்றீர்கள். பார்த்தது போதும். டப்பாவுக்கு டப்பா அவள் பெயர் வரும்வரை முதலாளியை விடாதீர்கள்.

அக்காவும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்,
பச்சைமுத்து.

பி.கு.: பெயர் வேண்டாம். இப்போது வந்திருக்கும் புது டப்பாவில் கம்பெனிக்காரர்கள் சாக்ஸை நீக்கிவிட்டு, உள்பக்கம் மட்டுமே திறக்கும் மூடி வைத்திருக்கிறார்கள். போன கை வருவதில்லை. கோட்டைக்குப்பத்துப் பெண்கள் மூன்று பேர், மாட்டிய டப்பாவும் கையுமாக வாசலில் நின்று, "இத்த கண்டுபுடிச்ச மகராசி எவடி? வெளிய வா!" என்கிறார்கள். "எனக்கும் டப்பாவுக்கும் சம்மந்தமே இல்லனு எழுது" என்று ஜமுனா கட்டிலுக்கு அடியிலிருந்து சொல்கிறாள். மூன்று டப்பாவிலும் அவள் பெயர் அச்சாகியிருக்கிறது, ஊர்ப் பெயருடன்.