கோழி மூன்று, பக்கம் நாற்பத்தொன்று

நூலகத்தில் புத்தகம் திருடுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. நான் ஒரு நாளும் திருடியதில்லை. ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். (இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று அப்போது நம்பினேன். இப்போதும் லேசாக நம்புகிறேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் மதுரையில் ஒரு கல்லூரியில் சமூகவியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். தலைப்பு, வில்லாபுரத்து நெசவாளர் வீட்டுக் கல்யாண முறைகள். எங்கள் நூலகத்தில் உருப்படியான புத்தகம் எதுவானாலும் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், அதையும் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் சாயங்காலம் மணி அடித்ததும், மறுநாள் வேண்டிய புத்தகத்தை யாரும் சீந்தாத அலமாரியில் செருகிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். எல்லோரும் செய்வார்கள். அதற்கும் ஒரு தர்மம் உண்டு: ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. நான் பதினொன்றை ஒளித்தேன்.

காரணம் என் தோழி செல்வி. திருப்பரங்குன்றத்துக்காரி. அவள் தலைப்பும் கல்யாணம்தான், சீர்வரிசை பற்றியது. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் ஒரே ஒரு விரிவுரையாளர் இடம் காலியாக இருந்தது. எங்கள் இருவரில் யார் முதலில் பட்டம் வாங்குகிறாரோ அவருக்குச் சிபாரிசு செய்வதாகத் துறைத் தலைவர் சொல்லிவிட்டார். அன்றைக்கே என் புத்தி குறுக்குவழியில் போய்விட்டது.

நான் தேர்ந்தெடுத்தது பண்ணைத் தொழில் அலமாரி. கோழி வளர்ப்பு, காளான், பட்டுப்புழு. தூசியைப் பார்த்தால் கல்லூரி திறந்த நாளிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் ஒதுங்கியதாகத் தெரியவில்லை. எது எங்கே என்று மறக்காமலிருக்க அட்டைகள் எழுதினேன். முன்பக்கம் ஒளித்த இடமும் பக்க எண்ணும்: 'கோழி 3, பக். 41'. கோழிப் புத்தகங்களுக்குப் பின்னால் மூன்றாவதாக இருப்பது என்று அர்த்தம். உண்மையான பெயரும் ஆசிரியரும் அட்டையின் பின்பக்கம். இப்படி முந்நூறு அட்டைகள், அத்தியாயவாரியாக ரப்பர் பேண்ட் போட்டு. அப்படியொரு ஒழுங்கு என் வாழ்க்கையில் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வரவில்லை.

செல்வி மூன்று மாதம் தேடினாள். ஒருநாள் நூலகப் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டாள்.

"ஒண்ணுகூட இல்லடி. அம்புட்டையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். நான் எதை வச்சு எழுத?"

கேன்டீனுக்குக் கூட்டிப்போய் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? நூலகம் சீர்கெட்டுக் கிடக்கிறது என்று முதல்வருக்கு நானே ஒரு புகார் மனு எழுதி, முதல் கையெழுத்தும் போட்டேன். அதிர்ந்து பேசாத மனிதரான எங்கள் நூலகருக்கு மெமோ வந்தது. எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது என்பதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆய்வேட்டை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு டைப்பிங் கடையில் கொடுத்தேன்.

"அண்ணே, அடிக்குறிப்பு எல்லாம் இந்த அட்டையைப் பாத்து வரிசையா போட்டுருங்க. நாளன்னைக்கு வாரேன்."

"போயிட்டு வாம்மா, போட்டுருவோம்."

போட்டுவிட்டார். முன்பக்கத்தைப் பார்த்து. பைண்டிங் முடிந்து வந்ததும், மேலே தங்க எழுத்தில் இருந்த என் பெயரைத் தடவித் தடவிப் பார்த்தேனே தவிர, உள்ளே ஒரு பக்கம் புரட்டவில்லை. (என் வழிகாட்டிப் பேராசிரியரும் புரட்டவில்லை. கையெழுத்துப் பிரதியிலேயே படித்துவிட்டாராம்.)

வாய்மொழித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர். மிக்சர், பிஸ்கட் உண்டு என்பதால் அறை நிறைந்திருந்தது. எனக்குக் கை தட்டுவதற்காகச் செல்வி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

தேர்வாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தாய்மாமன் சீர் பத்தி நல்லா எழுதியிருக்கீங்கம்மா. ஆதாரம்னு கோழி மூணு, பக்கம் நாப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. இந்தக் கோழி யாரு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் தன் பாட்டுக்கு வேறொன்றைச் சொன்னது.

"வெளிநாட்டுக்காரர் சார்."

"அப்படியா. காளான் ரெண்டு?"

"அவரும் வெளிநாடுதான் சார். ரெண்டு பேரும் சேந்துதான் எழுதுவாங்க."

"பட்டுப்புழு?"

பட்டுப்புழுவுக்கு எந்த நாட்டைக் கொடுக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் நூலகர் எழுந்தார். மிக்சர் தட்டை நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். பத்து நிமிடத்தில், தாடையில் முட்டும் உயரத்துக்குப் பதினொரு புத்தகங்களைச் சுமந்துகொண்டு வந்து மேசைமேல் வைத்தார். கிளம்பிய தூசியில் தேர்வாளர் இரண்டு தும்மல் போட்டார்.

"கோழிக்குப் பின்னால இருந்துச்சு சார். மூணாவது புத்தகம், நாப்பத்தொண்ணாம் பக்கம். பாத்துட்டேன், சரியாத்தான் இருக்கு."

செல்வி புத்தகங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தியே. அப்பயும் அங்கதான் இருந்துச்சா?"

தலையை ஆட்டினேன். பூமி பிளந்து என்னை விழுங்கக் கூடாதா என்று நிஜமாகவே வேண்டிக்கொண்டேன். அது கட்டடத்தின் இரண்டாம் மாடி, பூமிக்கு எட்டவில்லை.

ஆய்வேடு திரும்பி வந்தது. நூலகரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, முந்நூறு அடிக்குறிப்புகளையும் முதலிலிருந்து திருத்த வேண்டும், ஆறு மாதம் கழித்து மறுதேர்வு என்றார்கள். அந்தப் பதினொரு புத்தகங்களும் அன்றே செல்வியின் மேசைக்குப் போயின. அவள் இரண்டே மாதத்தில் முடித்தாள். விரிவுரையாளர் வேலையும் அவளுக்கே கிடைத்தது, அதுதான் நியாயம். ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தவள், பிறகு தன் கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தாள். "இதையாவது ஒளிச்சு வைக்காம நேரத்துக்கு வந்து சேரு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நான் அழுதேன்.

அவள் வீட்டில் எனக்கு இன்றுவரை 'கோழிச் சித்தி' என்றுதான் பெயர். போன மாதம் அவள் மகள் போன் செய்தாள். அவளும் இப்போது ஆராய்ச்சி மாணவி.

"கோழிச் சித்தி, ஒரு புத்தகத்தை ஊர் முழுக்கத் தேடிட்டேன், கிடைக்கல. அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க."

"அந்தப் புத்தகம் என்கிட்ட இல்லையேம்மா."

"இருக்கான்னு கேக்கச் சொல்லல சித்தி. எங்க வச்சீங்கன்னு கேக்கச் சொன்னாங்க."