நாலுகால் பாய்ச்சல்காரர்

எந்த ஊருக்குப் போனாலும் பாய்ச்சல்காரர் என்று ஒருவர் இருக்கிறார். நான் கொஞ்சம் ஊர் சுற்றியவள். இவர் இல்லாத தெருவை இன்னும் பார்க்கவில்லை. வாசலில் பைக்கை அணைக்காமல் உறுமவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, உட்காரச் சொன்னால் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று, நாம் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவார்: "வேலை நாலுகால் பாய்ச்சல்ல போகுது."

குதிரைக்கு நடை உண்டு, பெருநடை உண்டு. இரண்டும் போதாத அவசரத்தில்தான் நான்கு கால்களையும் வீசிப் பாயும். பாய்ந்தால் போய்ச் சேரும். நம்மவருக்குக் கிளம்பினால் போதும். சேருவது குதிரையின் கவலை.

எங்களுக்கு வாய்த்தவர் கட்டட மேஸ்திரி. அக்காவுக்கு ஏழாம் மாதம். குழந்தைக்கென்று மாடியில் ஓர் அறை கட்டச் சொன்னோம்.

"பிள்ளை வர்றதுக்குள்ள கூரை வந்துடுமாண்ணே?" என்று கேட்டாள் அக்கா.

"பொறந்ததும் நேரா ரூமுக்குத்தாம்மா போகும்."

மறுநாளே மாடிக் கைப்பிடிச் சுவரை ஒரே காலையில் இடித்துத் தள்ளினார். இடிப்பதில் இவரை யார் மிஞ்ச முடியும்? பிறகு நான்கு சுவர் எழும்பியது. எழுப்பிய ஆட்கள் வேறு வீட்டை இடிக்கப் போனார்கள். மாதம் ஒன்று போயிற்று. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்து இரக்கப்பட்டு, சுவருக்கு இளநீல வர்ணம் அடித்துக் கொடுத்தார். கூரை போடாமல் பெயிண்ட்டா என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"பெயிண்ட் அடிச்சா முக்கால்வாசி முடிஞ்ச மாதிரிங்க சார்."

அந்த வாரமே மழை. நீலம் சுவரை விட்டிறங்கி, படியிறங்கி, அக்கா துவைத்து அடுக்கியிருந்த குழந்தைத் துணிகள் வரைக்கும் வந்தது. அத்தான் போன் செய்தார். பாய்ச்சல்காரர் அசரவில்லை. மழைதான் நாலுகால் பாய்ச்சலில் வந்துவிட்டதாம்.

குழந்தை இப்போது கூடத்தில், குளிர்சாதனப் பெட்டிக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் தூங்குகிறாள். நீலத் துணியில். யாராவது பெட்டியைத் திறந்தால் விழித்துக்கொள்கிறாள்.

"இந்த வீட்டுல சொன்ன தேதிக்கு வந்தது இவ ஒருத்திதான்" என்கிறாள் அக்கா.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் காலையில் உங்களுக்காகக் காத்திருந்த யாரிடமோ, "இதோ, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று போனில் சொன்னீர்களே, அப்போது காலில் செருப்பாவது மாட்டியிருந்தீர்களா?