3.42-க்கு வந்த கோப்பு

அவசரக்காரன் கெடுத்த காரியத்தையாவது சரிசெய்யலாம். ஒழுங்கானவன் கெடுத்தால் ஒழுங்காகக் கெட்டுவிடும். நான் ஒழுங்கானவன். பல் துலக்கும் நேரத்தையும் நாட்குறிப்பில் எழுதுகிறவன். (சிரிக்காதீர்கள். இன்று 6.10.)

மலேசியாவில் கோப்பெங் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தை விற்றபோது, லயத்து வரிசை வீடுகளிலிருந்த அறுபத்திரண்டு குடும்பங்களுக்கும் மலிவு வீடு கிடைக்கும் என்றார்கள். குறிப்பிட்ட நாளில் மாலை நான்கு மணிக்குள் பெயர்ப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். ஈப்போவில் கணினி வேலை பார்ப்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில். அறுபத்திரண்டாவது வீடு, கடைசி வீடு, என் அக்காவுடையது.

"ஒக்காந்து நீயே தட்டி அனுப்பிடு லா, தம்பி."

"கையால செஞ்சா தப்பு வரும்க்கா."

ஒரு நிரல், மனுக்களை வீட்டு எண் வரிசையில் படித்து, ஒரு கோப்பில் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதும். நான் எழுதிய ஸ்கிரிப்ட், அந்தக் கோப்பு உருவாகிவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும். கண்ணில் பட்டதும் அனுப்பிவிடும்.

நாட்குறிப்பு சொல்கிறது: "3.42, கோப்பு வந்தது. 3.42, அனுப்பியாயிற்று. 3.45, தே ஓ."

கோப்பு உருவாவது வேறு, எழுதி முடிவது வேறு. இந்த வித்தியாசம் இருபது வருட அனுபவசாலிக்குத் தோன்றவில்லை. தே ஓவில், அந்தப் பாலில்லாத தேநீரில், சீனி குறைவு என்பது மட்டும் தோன்றியது. அதையும் எழுதியிருக்கிறேன்.

வீடு ஒதுக்கும் நாளன்று அதிகாரி பெயர்களை வாசித்தார். இருபத்துமூன்றாம் வீட்டோடு தாளை மடித்து வைத்தார்.

"என் பேரு எங்கடா?" அக்கா என் சட்டையைப் பிடித்தாள்.

"வரும்க்கா. வரிசையாத்தான் வரும்."

"அவரு எந்திரிச்சுப் போறாரு லா!"

3.42-க்குக் கோப்பில் எழுதியிருந்தது இருபத்துமூன்று பெயர்கள்தான். முறையிட்டோம். கெடுவுக்குள் வந்த பட்டியல்தான் பட்டியல் என்றார்கள். அடுத்த ஒதுக்கீடு இன்னும் வரவில்லை. என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடாத குடும்பங்கள் முப்பத்தெட்டு. (எண்ணிவிட்டேன்.) முப்பத்தொன்பதாவது அக்கா குடும்பம், அவளால் தம்பியை விட முடியாது.

தோட்டத்தை விட்டு அவள் பீடோரில் ஒரு கடைக்கு மேலே வாடகைக்குப் போனாள். தீபாவளிக்குப் போய்க் கதவைத் தட்டினால், திறக்காமல் உள்ளிருந்தே கேட்கிறாள்:

"தம்பி, முழுசா வந்துட்டியா? இல்ல, பாதிதான் வந்திருக்கியா?"

உள்ளே பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "முழுசா வந்துட்டேன்க்கா" என்று சொன்னபிறகுதான் திறக்கிறாள். வருடாவருடம் சொல்கிறேன். வருடாவருடம் அதே வாடகைக் கதவு.