வாசிப்பதற்கு அனுமதி கோரி

பொய்யே சொல்லாமல் ஓர் அதிகாரியை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு காலத்தில் நான் நம்பினேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. விண்ணப்பம் எழுதுவதில் என்னை மிஞ்சத் திருச்சியிலேயே ஆள் கிடையாது என்ற நினைப்பு வேறு (எனக்கு மட்டும்தான் அந்த நினைப்பு இருந்தது என்பது பிறகு தெரிந்தது).

அறுபதுகளின் தொடக்கம் அது. பாலக்கரையில் அந்தோணி அண்ணனின் தச்சுப் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. அன்று மாலை நாங்கள் மூன்று பேர் அங்கே கூடுவோம். நான் கிளாரினெட். மாதா கோயில் பேண்டில் பாதி கற்றுக்கொண்டு, மீதியைத் தைரியத்தால் நிரப்பிக்கொண்டவன். ஸ்ரீரங்கத்திலிருந்து ரங்கராஜன் பஸ் ஏறி வந்து ஹார்மோனியம் வாசிப்பான் (வீட்டில் சுருக்கெழுத்து வகுப்பு என்று சொல்லியிருந்தான்). பாடுவது சகாயமேரி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அக்கம்பக்கத்து ஜனங்கள் முப்பது பேர் மரத்தூளின் மேல் சாக்கு விரித்து உட்கார்ந்து கேட்பார்கள்.

இதற்குத்தான் வந்தது வினை. பொதுமக்கள் கூடிப் பாட்டுக் கேட்கும் இடம் எதுவானாலும் லைசென்ஸ் வேண்டும் என்று புது விதி போட்டார்கள். இரண்டு கதவு, மணல் வாளிகள், கழிப்பறை எல்லாம் இருக்க வேண்டுமாம். சினிமாக் கொட்டகைக்குச் சொல்ல வேண்டியதைத் தச்சுப் பட்டறைக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் இருந்தது ஒரே கதவு. அதுவும் சாத்தினால் திறக்காது.

"லைசென்ஸ் வாங்கிட்டு வாங்க தம்பி. இல்லாட்டி பட்டறைய பூட்டிடுவாங்க" என்றார் அந்தோணி அண்ணன்.

சகாயமேரி பாட்டு நோட்டைப் பையில் வைத்தாள். "இனிமே கரும்பலகைகிட்டதான் பாடணும் போல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

விதியை நான் மூன்று முறை படித்தேன். கடைசி வரியில் வழி கிடைத்தது: படிப்பகங்களுக்கு இது பொருந்தாது. உடனே எழுதினேன். 'ஞாயிறுதோறும் மாலை ஐந்து முதல் ஏழு வரை நாங்கள் கூடி வாசிப்போம். பொதுமக்கள் அமைதியாக அமர்ந்து கேட்பார்கள்.' ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கிளாரினெட்டையும் வாசிக்கத்தானே செய்கிறோம்?

"மாட்டிண்டா என்னடா பண்றது? அப்பா என்னை ஆத்துலயே சேர்க்க மாட்டார்" என்றான் ரங்கராஜன்.

"தமிழ்ல ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா அது என் தப்பாடா?" என்றேன்.

பத்தே நாளில் அனுமதி வந்தது. அடுத்த ஞாயிறு அதிகாரியே வந்தார். முழுக்கால் சட்டை, மூடிய கோட்டு, கையில் நான்கு புத்தகங்கள். படிப்பகத்துக்கு அவருடைய சொந்த அன்பளிப்பாம்.

கிளாரினெட்டை மரத்தூளுக்குள் செருகினேன். ரங்கராஜன் ஹார்மோனியத்தின் மேல் சாக்கைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தொடருங்க. நானும் கேக்குறேன்" என்றார் அதிகாரி.

அவர் கொண்டுவந்த புத்தகங்களோ அவர் மடியிலேயே இருந்தன. பட்டறையில் இருந்த ஒரே அச்சுக் காகிதம், மணப்பாறை முறுக்கு மடித்து வந்த தாள். அதை எடுத்து எழுந்து நின்றேன். "காணவில்லை. வெள்ளைக் காளை. வலது கொம்பு சற்று வளைந்திருக்கும். கண்டுபிடித்துத் தருவோருக்கு..."

"தருவோருக்கு?"

"அதுக்கு மேல எண்ணெய் சார்."

"சரி, அடுத்தது?"

அடுத்தது ஏது? மறுபடியும் காளையிலிருந்தே ஆரம்பித்தேன், இம்முறை சற்று உணர்ச்சியோடு. முப்பது பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை கொம்புக்கு வந்தபோது ரங்கராஜன் பயத்தில் நெளிந்தான். அவனுக்கு அடியிலிருந்து நீளமாக ஒரு முனகல் கிளம்பியது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகாயமேரி எழுந்தாள். மரத்தூளைக் கிளறிக் கிளாரினெட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"சார், நாங்க வாசிக்கிறது இதைத்தான். நான் பாடுவேன். எனக்குப் பாட வேற இடம் கிடையாது. ஒரு தடவை கேட்டுட்டு, அப்புறம் பூட்டுங்க."

அவ்வளவு நேர்மைக்குப் பிறகு நான் நிதானமாக இருந்திருக்கலாம். அவசரத்தில் முழு மூச்சையும் சேர்த்து ஊதினேன். குழலுக்குள் இருந்த மரத்தூள் மொத்தமும் அதிகாரியின் கோட்டில் போய் விழுந்தது. எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. சகாயமேரி என்னைத் திரும்பியும் பார்க்காமல் பாடத் தொடங்கினாள். ரங்கராஜன் சாக்கை விலக்கி அவளோடு சேர்ந்துகொண்டான். நான் இரண்டாவது அடியில்தான் போய்ச் சேர்ந்தேன்.

பாட்டு முடிந்த பிறகும் அதிகாரி தூளைத் தட்டவில்லை. "கழிப்பறை எங்க இருக்கு?" என்றார்.

"பின்னால என் வீட்டுலங்க" என்றார் அந்தோணி அண்ணன்.

"அப்ப பின்பக்கம் ஒரு கதவு போட்டா ரெண்டு விதியும் சரியாயிடும். தச்சருக்குக் கதவு போடத் தெரியாதா? ரெண்டு வாளியில மணலும் ரொப்பி வைங்க. இந்தத் தடவை பாட்டுன்னே எழுதிக் குடுங்க தம்பி." புத்தகங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. "அவருக்கு வாசிக்க ஏதாவது வேணும்" என்று சகாயமேரியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்குள் பின்கதவு வந்தது. லைசென்ஸும் வந்தது. இரண்டு வருடம் கழித்து சகாயமேரி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். இன்றைக்கும் காலையில் நான் செய்தித்தாளைக் கையில் எடுத்தால் போதும், அடுக்களையிலிருந்து பேரன்களுக்கு அவள் குரல் கொடுப்பாள்:

"தாத்தா வாசிக்கப் போறாரு. பின்கதவைத் திறந்து வைங்க."