பூட்டுக்குள் புளித்த சாப்பாடு

கிருமிக்குப் பயந்து ஓடியவர்கள் உலகத்தில் ஏராளம். கிருமிக்குக் காவல் நின்று மாற்றல் வாங்கிய ஒரே குமாஸ்தா, ஐம்பதுகளில் எங்கள் கொடைக்கானல் ஆபீசில் இருந்த கிருமி சார்தான். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும்.

ஒரு மார்ச் மாதம், ரிக்கார்டு பீரோவின் சாவித் துவாரத்தை, கூட்டம் சேராமல் தனியாகத் திரியும் ஒரு தேனீ மண் வைத்து அடைத்துவிட்டது. நான் கம்பியோடு போனேன். கிருமி சார் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குத்தாதீங்க தம்பி. மகரந்தத்தைத் தேன் விட்டு உருட்டி வச்சு, அது மேல முட்டை இட்டிருக்கு. உருண்டையில கிருமி சேந்து புளிக்கும். புழு அந்தக் கிருமியையும் சேத்துத்தான் திங்கும். இந்தக் குளிர்ல நம்ம இட்லி மாவு மூணு நாளா அப்படியே கெடக்கு. அதுக்கு மட்டும் புளிக்குது பாருங்க."

"எப்ப சார் தொறக்கலாம்?"

"புழு தேனீயாகி வரட்டும். ரெண்டு மாசம்."

அதன் பிறகு ஆபீசுக்கே நிம்மதி. யார் எந்த மனுவைக் கேட்டாலும், "அது பீரோவுல கெடக்குங்க" என்றோம். பீரோவில் இல்லாத மனுக்களும் அதற்குள் போய்ச் சேர்ந்தன. பேத்துப்பாறையிலிருந்து மூன்று தடவை நடந்து வந்த விவசாயி ஒருவர் துவாரத்தைக் குனிந்து பார்த்தார். "பூட்டுக்குள்ளயாவது ஒரு சோலி நடக்குதுங்களே" என்றார்.

மேல் அதிகாரிகளுக்குத் தணிக்கை ஞாபகம் வருவது மே மாத சீசனில்தான். அந்த வருஷமும் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். பீரோவைத் திறக்கச் சொன்னார்.

"பூட்டுல கிருமி இருக்குங்கய்யா. பினாயில் ஊத்திரவா?" என்று பியூன் வாளியைத் தூக்கினார்.

கிருமி சார் பீரோவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"பீரோவுக்குள்ள என்ன?" என்றார் அதிகாரி.

"ஃபைலுங்கய்யா."

"பூட்டுக்குள்ள?"

"பிள்ளைங்கய்யா. சாப்பாட்டுல பினாயில் ஊத்தப்படாதுங்க."

"வேலை போயிரும்யா."

"போகட்டுங்கய்யா."

ஏரியில் படகுக்கு நேரமாகிவிட்டது. ஆவணங்கள் மிகப் பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளன என்று அதிகாரி எழுதினார். பாதுகாத்தவரைப் பழனிக்கு மாற்றினார்.

பஸ் ஏறும்போது கிருமி சார், "ஊத்த விட்றாதீங்க தம்பி" என்றார். கம்பியோடு போன நான், இரண்டு வாரம் பினாயில் வாளிக்குக் குறுக்கே நின்றேன். ஒரு காலையில் மண் உடைந்து ஒரு தேனீ வெளியே வந்து, என் மேஜையில் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் போனது.

"பிள்ளை சுகமாகப் புறப்பட்டது" என்று கார்டு போட்டேன். பதில் வந்தது: "இங்கே மாவு ஒரே ராத்திரியில் புளித்துவிடுகிறது. அதை அதிசயமாகக் கேட்கத்தான் ஆளில்லை."

அன்றைக்கு எனக்கு வேலை ஓடவில்லை. வழக்கமாகவும் ஓடாதுதான். அன்றைக்கு அவரை நினைத்து ஓடவில்லை.