தேவிபட்டினத்து ஸ்டெப்னி

டிக்கியைத் திறந்த தவசி அதை உடனே மூடினான். சற்று நேரம் கழித்து மெதுவாகத் திறந்தான். இரண்டாவது முறையும் ஸ்டெப்னி இல்லை.

ஜாக்கி இருந்தது. சுருட்டிய பாய் இருந்தது. தேங்காய்ச் சாக்கு இருந்தது. சக்கரம் கிடக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு துருத் தடமும், நடுவில் நட்டுக்கொண்டு நின்ற போல்ட்டும்தான் இருந்தன.

காலையில் சாமான்களை முதலாளி செல்லச்சாமியே தன் கையால் வைத்துப் பூட்டினார். அதனால் தவசி டிக்கியைத் திறந்து பார்த்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான். எட்டு வருஷம் லாரிக்கு அடியில் கிளீனராகக் கிடந்தவன், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து மூன்று நாள். அபிராமத்தில் இருந்தது அந்த ஒரே கார். ஊருக்குக் கப்பலேறிய துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. அதன் சாவியைக் கொடுக்கும்போது செல்லச்சாமி அதிகம் பேசவில்லை.

"மூக்கையாவை நான் நிப்பாட்டுனது ஸ்டெப்னி விஷயத்துலதான். ஞாபகம் இருக்கட்டும்."

மூக்கையா பழைய டிரைவர். வேலை போனதிலிருந்து முதலாளி வீட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தவசி வண்டி துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று எழுந்து வந்து, "தம்பி, அந்த ஸ்டெப்னியப் பத்தி ஒரு வார்த்தை..." என்று தொடங்கினான்.

"அதெல்லாம் நான் பத்திரமாப் பாத்துக்கிடுவேண்ணே" என்று சொல்லி, தவசி வாளித் தண்ணீரை அவன் காலடியில் ஊற்றினான்.

இப்போது அந்தப் பத்திரம் வட்டமாகத் துருப்பிடித்துக் கிடந்தது.

தேவிபட்டினம் கடலில் அலை இல்லை. முழங்காலளவு நீரில் நின்ற ஒன்பது நவக்கிரகக் கற்களையும் சுற்றிக்கொண்டிருந்தார் முதலாளியின் மனைவி ராமலெட்சுமி. இன்னும் நாலு சுற்று. அதற்குள் ஒரு ஸ்டெப்னி முளைத்தாக வேண்டும்.

முளைத்துத்தான் இருந்தது. கரையோரம், மணலில் பாதி புதைந்து, நிமிர்ந்து நின்றது ஒரு சக்கரம். யாரோ விட்டுப்போன ஈர வேட்டி அதன்மேல் கிடந்ததில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஆளைப் போலிருந்தது.

சனி பிடித்தவர்கள் அங்கே மூழ்கி, உடுத்திய துணியைக் கடலில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். விட்ட துணியை யாரும் தொடமாட்டார்கள். தொட்டால் விட்டவனின் சனி தொட்டவனுக்கு. தவசிக்கு இது தெரியும். ஆனால் கட்டுப்பாடு துணிக்குத்தான். டயரைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

வேட்டியைக் குச்சியால் தள்ளிவிட்டு, சக்கரத்தை உருட்டி வந்தான். டிக்கி அதை ஏற்கவில்லை. தேங்காய்ச் சாக்கைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தான். சாய்த்துப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான். கடைசியில் ஜாக்கிக் கம்பியால் ஓங்கி இரண்டு அடி அடித்தான். 'டக்' என்று உட்கார்ந்தது.

உட்கார்ந்த விதம்தான் அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்தத் துரு வட்டத்தின்மேல் மயிரிழைகூட விலகாமல் உட்கார்ந்திருந்தது.

ராமலெட்சுமி காய்ந்த புடவையில் வந்து ஏறினார்.

"தவசி, வண்டிய எடு. நம்ம ஊர் எல்லை வர்ற வரைக்கும் நீயும் திரும்பிப் பாக்கக்கூடாது."

"சரிங்கம்மா."

"அந்தக் கண்ணாடியையும் திருப்பி வையி. அதுல பாத்தாலும் பாத்ததுதான்."

தவசி கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பினான்.

"இங்கன எதுக்குத் தேங்காச் சாக்கு? காலு வைக்க எடமில்ல."

"டிக்கி சூடுங்கம்மா. தேங்கா வெடிச்சிரும்."

தேங்காய் வெடிப்பதைப் பற்றி யோசித்தபடி அவர் ராமநாதபுரம் வரை பேசவில்லை. அதைத் தாண்டி, பனைகளும் முடிந்து பொட்டல் தொடங்கிய இடத்தில், பின்னால் சத்தம் கேட்டது.

டொக்.

கொஞ்சம் இடைவெளி. மறுபடி, டொக். டொக்.

"தவசி, யாரோ தட்டுறாக."

"ரோடு சரியில்லங்கம்மா."

"அப்ப வண்டிய நிப்பாட்டு. ரோடா இல்லையான்னு தெரிஞ்சுபோகும்."

நிறுத்தினான். இன்ஜினையும் அணைத்தான். காற்றுகூட இல்லை. இருவரும் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

டொக்.

திரும்பிப் பார்க்க இருவருக்கும் ஆசை, இருவருக்கும் பயம், இருவருக்கும் தடை.

"கடல் வாடை வேற அடிக்குது" என்றார் ராமலெட்சுமி மெதுவாக. "போன சனிக்கெழம உங்க அய்யாவும் அந்தக் கடலுக்குத்தான் போனாரு. மூக்கையாவ நிப்பாட்டுன பெறகு, தனியா, தானே வண்டிய ஓட்டிக்கிட்டு. கட்டிக்கிட்டுப் போன வேட்டியோடயே திரும்பி வந்தாரு. அப்ப எதத்தான் விட்டீகன்னு கேட்டேன். விட்டதப் பத்திப் பேசுனா அது திரும்பி வந்துருமாம். வாயத் தொறக்கல."

தவசி இறங்கினான். டிக்கி இருப்பது கடல் பக்கம். அதனால் முகத்தைத் திருப்பாமல், காரைத் தடவிக்கொண்டே பின்னோக்கி நடந்து போனான். மூடியைத் தூக்கி, சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் பாயைத் திணித்தான்.

தட்டுவது நின்றது. அடுத்த மைலில் எதிரே வந்து கடந்துபோன சைக்கிள்காரர் பின்னாலிருந்து கத்தினார். "ஏய், ஒங்க வண்டி அழுதுக்கிட்டே போகுதுப்பா! ரோடெல்லாம் தண்ணி!"

"என்னவாம்?" என்றார் ராமலெட்சுமி.

"ரேடியேட்டருங்கம்மா."

"ரேடியேட்டரு முன்னாலல்ல இருக்கு?"

தவசி பதில் சொல்வதற்குள் முன் இடது டயர் 'புஸ்' என்றது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பஞ்சருக்கு நன்றி சொன்னான். சொன்ன பிறகுதான், மாட்ட வேண்டிய சக்கரம் எது என்பது நினைவுக்கு வந்தது.

மறுபடி பின்னோக்கி நடந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஏந்தம்பி, பின்னாலயே நடக்குற?"

"வேண்டுதல்."

அவள் காரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சக்கரத்தை வெளியே இழுத்ததும் அதன் துளையிலிருந்து ஒரு நண்டு விழுந்தது. கடலுக்கு இருபது மைல் தள்ளி, பொட்டலில், ஒரு நண்டு. தட்டியது அதுதானா என்று தவசி சிரிக்கப் பார்த்தான். நண்டுக்கு எந்தத் தடையும் இல்லை. அது கடல் இருக்கும் திசைக்கு நேராகக் கிளம்பிவிட்டது. தானும் அதன் பின்னால் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

கடல் சக்கரம் காரில் தானாகப் போய் மாட்டிக்கொண்டது போல மாட்டிக்கொண்டது. நாலு போல்ட்டும் விரலாலேயே ஏறின. ஆனால் கழற்றிய பஞ்சர் சக்கரம் டிக்கிக்குள் போக மறுத்தது. அவன் அடித்த அடியில் நடு போல்ட்டு வளைந்திருந்தது. பாயை எடுத்துப் பார்த்தான், ஏறி நின்று மிதித்துப் பார்த்தான். மூடி மூடவில்லை.

வேறு வழியின்றி அதைத் தூக்கி முன் சீட்டில், தன் பக்கத்தில் உட்கார வைத்தான். உருளாமல் இருக்கத் துண்டால் சீட்டோடு கட்டினான். ஈரப் பாயைத் தேங்காய்ச் சாக்கின்மேல் போட்டான்.

ராமலெட்சுமி முன் சீட்டில் தெரிந்த வட்டத் தலையை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு?"

"பஞ்சரான டயருங்கம்மா."

"மாட்டுனது எங்கன இருந்துச்சு?"

"டிக்கியிலங்கம்மா."

பொய் இல்லை. இருந்தாலும் சொன்ன பிறகு நாக்கு உப்புக் கரித்தது.

அங்கிருந்து கார் ஒழுங்காக ஓடவில்லை. நேர்ச் சாலையிலும் இடது பக்கமே இழுத்தது. வட்டம் போட்டு வந்த வழிக்கே திரும்பிவிட நினைப்பது போலிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு அபிராமம் கொண்டுவந்து சேர்த்தான். ஒரு பொருள் குறையவில்லை. ஸ்டெப்னி இருக்கிறது. வேலை இருக்கிறது.

செல்லச்சாமி வாசலிலேயே நின்றார். துண்டு கட்டி உட்கார்ந்திருந்த பயணியை முதலில் பார்த்தார். பிறகு அவர் பார்வை கீழே இறங்கி, முன் இடது சக்கரத்தில் நின்றது. குனிந்து, அதில் படிந்திருந்த உப்பை விரலால் தேய்த்தார். அடியில் மஞ்சள் பூச்சும் அதன்மேல் மூன்று குங்குமப் பொட்டும் தெரிந்தன.

"இது எங்கன கெடந்துச்சு?"

குரல் அவருடையது போலில்லை.

"தேவிபட்டினம் கரையிலங்கய்யா. டிக்கியத் தொறந்தா ஸ்டெப்னியக் காணோம். சத்தியமா நான் தொலைக்கலங்கய்யா. அதான், அதே அளவுல ஒண்ணு நின்னுச்சு..."

ஒரு காக்கை வந்து கார்க் கூரையில் உட்கார்ந்தது. செல்லச்சாமி அதையும் பார்த்தார். கையை நீட்டினார். தவசி சாவியை வைத்தான். அவர் வீட்டுக்குள் போனார். ராமலெட்சுமியும் பின்னாலேயே ஓட்டமாகப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

எதிர் பெஞ்சிலிருந்து மூக்கையா எழுந்து வந்தான். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றைத் தவசியிடம் கொடுத்துவிட்டு, சக்கரத்தை ரொம்ப நேரம் பார்த்தான்.

"சனி அய்யாவுக்கு இல்லையாம், காருக்காம். மனுசன் உடுத்துன வேட்டிய விடுறான். காரு எத உடுத்துதோ அத விடணும்னு சோசியரு சொல்லிட்டாரு."

தவசி டம்ளரை வாயிலிருந்து எடுத்தான். "அப்ப உங்கள ஸ்டெப்னியத் தொலைச்சதுக்கு நிப்பாட்டலயாண்ணே?"

மூக்கையா டீயை ஊதிக் குடித்தான்.

"தொலைச்சிருந்தா இன்னைக்கும் நாந்தான் தம்பி டிரைவரு. அய்யா மறந்துட்டுப் போறாருன்னு நெனச்சு, அதே கரையில இருந்து இதே சக்கரத்த மொதல்ல தூக்கியாந்தவனே நாந்தான்."