கால் கிலோ ஜாக்கி

ஒரு காட்டில் ஞாயிறுதோறும் குதிரைப் பந்தயம் நடந்தது. காட்டில் எதற்குப் பந்தயம் என்று கேட்காதீர்கள். ஊரில் எதற்கு நடக்கிறதோ அதற்குத்தான் காட்டிலும் நடந்தது. வேலைவெட்டி இல்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேறெங்கே போவார்கள்?

தடை தாண்டும் பந்தயம் கிடையாது. வெறும் தட்டையான தரையில் ஓடவேண்டும், அவ்வளவுதான். பந்தயக் கமிட்டித் தலைவர் யானை. அவரால் தாண்ட முடியாது. தலைவரால் முடியாததை மற்றவர்கள் செய்வது மரியாதை இல்லையே.

ஒவ்வொரு குதிரையும் முதுகில் சரியாக ஐம்பது கிலோ சுமந்து ஓடவேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அது ஏன் ஐம்பது என்றால், அந்தக் காட்டில் முதன்முதலாகக் குதிரையேறிய ஜாக்கி ஒரு காட்டுப்பன்றி. அவர் ஐம்பது கிலோ இருந்தார். அவர் செத்துப்போய் நாற்பது வருஷமாகிவிட்டது, விதி மட்டும் திடகாத்திரமாக இருந்தது.

அந்தக் காட்டில் தணிகாசலம் என்று ஒரு கரடி. அவரிடம் புழுதிக்காரி என்று ஒரு பெண்குதிரை. ஜாக்கி ஒல்லியாக இருந்தால்தான் குதிரை பறக்கும் என்று யாரோ தணிகாசலத்திடம் சொல்லிவிட்டார்கள். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். காடு முழுக்கத் தேடி, இருப்பதிலேயே ஒல்லியான ஆளைக் கூட்டிவந்தார். அது ஒரு தேவாங்கு. பெயர் ஒச்சப்பன். எடை கால் கிலோ.

மிச்ச நாற்பத்தொன்பதே முக்கால் கிலோவுக்கு என்ன செய்வது? ஈயத்தைத் தகடு தகடாக ஒரு தோல் பையில் போட்டுச் சேணத்தில் கட்டினார்கள். பந்தயத்துக்கு முன்னால் ஜாக்கியையும் ஈயத்தையும் ஒன்றாக நிறுத்துப் பார்ப்பார்கள். ஓடி முடித்ததும் மறுபடியும் நிறுப்பார்கள். எடை குறைந்திருந்தால் ஜெயித்தது செல்லாது. இந்த எடைமேடைக்கு அதிகாரி அலமேலம்மாள் என்ற ஆமை. கண்டிப்பானவர். தன் முதுகு ஓட்டின் எடையையே வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போட்டுவைப்பார்.

இதில் கேளுங்கள் கூத்தை. ஒச்சப்பன் பட்டினி கிடந்தான். ஜாக்கி என்றால் பட்டினி கிடக்கவேண்டும், அதுதான் தொழில் மரபு என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு வெட்டுக்கிளி, அதிலும் அதன் கால்களை மட்டும் தின்றுவிட்டு உடம்பைத் தூக்கிப் போட்டுவிடுவான். உச்சிவெயிலில் பாறைமேல் படுத்து வியர்ப்பான். அவன் உடம்பில் ஒரு கிராம் குறைந்தால் அலமேலம்மாள் ஒரு கிராம் ஈயம் சேர்ப்பார். அவன் மறுபடி குறைப்பான், அவர் மறுபடி சேர்ப்பார். இது ஏன் என்று பதினொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒச்சப்பன் கெட்டிக்காரன். புழுதிக்காரியின் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு அவள் காதோடு ஒட்டிக்கொள்வான். புறப்பட்டதிலிருந்து எல்லைக்கோடு வரைக்கும் வாய் மூடமாட்டான். இடப்பக்கம் ஒதுங்கு தாயி, வளைவில் அடக்கிப் போ தாயி, இப்போ விடு தாயி என்று காதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பான். புழுதிக்காரியும் பிய்த்துக்கொண்டு ஓடுவாள். முதல் வருஷம் மூன்று பந்தயம் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் ஒன்பது. கிளி நடத்திய பத்திரிகையில் அவன் படம் வந்தது. முயல்கள் தங்கள் பிள்ளைகளுக்கு ஒச்சப்பன் என்று பெயர் வைத்தன. ஒரே வீட்டில் பதினான்கு ஒச்சப்பன்கள் இருந்ததாகக் கேள்வி.

அவனுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் கார்காலக் கோப்பையை ஜெயிக்கவேண்டும். ஜெயித்தவர் பெயரைத் தண்ணீர்த்துறைப் பாறையில் வெட்டுவார்கள். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்ப்பார்கள். தேவாங்கு மாதிரி இருக்கிறாய் என்று யாராவது யாரையாவது திட்டும்போதெல்லாம் அவனுக்குச் சுருக்கென்று குத்தும். அந்தப் பாறையில் தன் பெயர் ஏறிவிட்டால் அந்த வசவே பட்டமாகிவிடும் என்று நம்பினான்.

பதினோராம் வருஷம் ஜெயித்தும்விட்டான். அரைக் குதிரை நீளத்தில். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஒச்சப்பன் அழுதுவிட்டான். தேவாங்கின் கண்ணைத்தான் பார்த்திருப்பீர்களே, முகத்தில் பாதி அதுதான். கொட்டோ கொட்டென்று கொட்டியது. தணிகாசலம் தன் துண்டால் துடைத்துவிட்டார். அப்படியே போய் எடைமேடையில் ஏறினான்.

அலமேலம்மாள் முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டு கிராம் குறையுது," என்றார்.

கண்ணீர்தான் அம்மா, அந்தத் துண்டில் இருக்கிறது, அதையும் சேர்த்து நிறுங்கள் என்று கெஞ்சினான் ஒச்சப்பன். புறப்படும்போது துண்டு மேடையில் இல்லையே, பிறகு எப்படி இப்போது ஏறும் என்று கேட்டார் அம்மாள். நியாயம்தானே. வெற்றி ரத்தானது. இரண்டாவதாக வந்த அணில் ஜாக்கியின் பெயரைப் பாறையில் வெட்டினார்கள்.

மேல்முறையீட்டுக்கு ஒரு படிவம் இருந்தது. எடை குறைந்த காரணம் என்ற இடத்தில் வியர்வை, ரத்தம், வால் என்று மூன்றுதான் போட்டிருந்தது. ஒச்சப்பன் நான்காவதாகக் கண்ணீர் என்று எழுதினான். படிவத்தில் கிறுக்கியதற்காக ஆறு மாதம் தடை.

தடை முடிந்து வந்தவன் பழைய ஒச்சப்பன் இல்லை. பயம் பிடித்துக்கொண்டது. வியர்த்தால் குறையும், அழுதால் குறையும், பேசினால் எச்சில் தெறித்து அதிலும் குறையும். எதற்கு வம்பு என்று பந்தயம் முழுக்க வாயை இறுக்கி மூடிக்கொண்டான். எடை இம்மி பிசகவில்லை. ஆனால் புழுதிக்காரி கடைசியில் வந்தாள். அடுத்த வாரமும் கடைசி. அதற்கடுத்த வாரம் மற்றவர்கள் ஓடி முடித்து, பரிசு கொடுத்து, பந்தலைப் பிரிக்கும்போது வந்தாள். ஒச்சப்பன் காலம் முடிந்தது என்று கிளி எழுதியது. முயல்கள் பதினான்கு பிள்ளைகளுக்கும் பெயர் மாற்றின.

தணிகாசலம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"கோவிச்சுக்காதே ஒச்சப்பா," என்றார். "ஐம்பது கிலோவுல நீ கால் கிலோ. அந்தக் கால் கிலோவாலதான் இவ்வளவு பிரச்சனையும். அதுக்கும் ஈயமே போட்டுட்டா என்ன?"

ஒச்சப்பன் நொந்துபோனான். ஜாக்கி இல்லாமல் குதிரை ஓடக்கூடாது முதலாளி, விதி இருக்கிறது என்றான். இருவரும் அலமேலம்மாளிடம் போனார்கள். அம்மாள் விதிப் புத்தகத்தை மூன்று நாள் படித்தார். ஜாக்கிக்கு லைசென்ஸ் இருக்கவேண்டும் என்று இருக்கிறது, உயிர் இருக்கவேண்டும் என்று எங்கேயும் இல்லை என்றார்.

ஈயத்துக்கு லைசென்ஸ் வாங்க மனுப் போட்டார்கள். மருத்துவப் பரிசோதனை நடந்தது. நாடித்துடிப்பு எண்பதைத் தாண்டக்கூடாது, தாண்டவில்லை. ரத்தக்கொதிப்பு இல்லை. குடிப்பழக்கம் இல்லை. போன வருஷம் நடுவரை எதிர்த்துப் பேசியது உண்டா என்ற கேள்விக்கு இல்லை. இப்படி ஒரு தங்கமான மனுவைத் தன் சர்வீஸில் பார்த்ததில்லை என்று அலமேலம்மாளே மெச்சினார். ஒச்சப்பனின் லைசென்ஸைத் திரும்ப வாங்கி, அதே எண்ணை ஈயத்துக்குக் கொடுத்தார்கள்.

ஈயத்தின் முதல் பந்தயம். கொடி அசைந்தது. மற்றக் குதிரைகள் எல்லாம் பறந்தன. புழுதிக்காரி அசையவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த அருகம்புல்லை நிதானமாக மேய்ந்தாள். ஈயம் பதறாமல் உட்கார்ந்திருந்ததைக் கிளி வெகுவாகப் பாராட்டி எழுதியது. ஆனால் தணிகாசலத்துக்கு வயிறு எரிந்தது. லாயத்துக்கு வந்து, உனக்கு என்னடி வந்தது, முன்னெல்லாம் அப்படி ஓடுவாயே என்று சத்தம் போட்டார். கொள்ளுப் பையைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒச்சப்பனும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"முன்னாடி காதுக்குள்ள ஒரு கொசு இருந்துச்சு முதலாளி," என்றாள் புழுதிக்காரி. "நொய்நொய்னு ஒரே இரைச்சல். அதுகிட்டருந்து தப்பிக்கத்தான் ஓடுவேன். வளைவுல கொஞ்சம் அடங்கும், அப்ப நானும் அடங்குவேன். கடைசில உயிரை எடுக்கும், அப்ப பிச்சுக்கிட்டு ஓடுவேன். ஆறேழு மாசமா அந்தச் சனியன் இல்லை. இப்ப நிம்மதியா இருக்கேன்."

ஒச்சப்பன் கொள்ளுப் பையைக் கீழே வைத்தான். மெல்ல முன்னால் வந்தான்.

"உன் முதுகுல இத்தனை வருஷமா யார் இருந்தான்னு நினைச்சே தாயி?"

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். யார் இவர் என்று தணிகாசலத்திடம் கேட்டாள். பிறகு மரியாதையாகவே பதில் சொன்னாள்.

"ஈயம்தானே இருந்துச்சு. ஐம்பது கிலோன்னு சொன்னாங்களே."

ஒச்சப்பன் வெளியே போய் ஒரு வேலமரத்தில் ஏறி உட்கார்ந்தான். பதினொரு வருஷம். பட்டினி, வெயில், வளைவுக்கு வளைவு அவன் போட்ட கணக்கு. இதில் ஒரு சொல்லாவது அவள் காதில் சொல்லாக விழுந்திருக்கும் என்று நினைத்திருந்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது. எது அதிகம் என்று அவனுக்கே தெரியவில்லை.

தணிகாசலமோ துள்ளிக்குதித்தார். நோய் தெரிந்துவிட்டது, இனி மருந்துதானே? மறுநாளே மரத்துக்கு மரம் தாள் ஒட்டினார். கொசு தேவை, பந்தய அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது.

எடைமேடைவரை வரிசை நின்றது. காட்டுக் கொசு, குட்டைக் கொசு, பரம்பரை பரம்பரையாக யானையைக் கடித்த குடும்பம் என்று சிபாரிசுக் கடிதத்தோடு வந்த கொசு. ஒவ்வொன்றாகப் புழுதிக்காரியின் காதில் விட்டுப் பார்த்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் கடித்தன. அவளும் ஓடத்தான் ஓடினாள். ஆனால் ஒரு கொசுவுக்கும் வளைவு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஒரு தடவை குளத்துக்குள் போய் நின்றாள். ஒரு தடவை தலைவர் யானையின் நாலு காலுக்கும் நடுவில் போய் மாட்டிக்கொண்டாள்.

முப்பத்தேழாம் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் கடைசியாக ஒச்சப்பன் நின்றான். அலமேலம்மாள் அவனை அடையாளம் கண்டுகொண்டார், ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. அலுவல் நேரத்தில் அவர் யாரையும் தெரிந்துகொள்வதில்லை. படிவத்தில் பெயர், ஊர் எல்லாம் எழுதிவிட்டான். இறக்கைகளின் எண்ணிக்கை என்ற இடத்தில் பேனா நின்றது. இல்லை அம்மா என்று தலையைக் குனிந்தான்.

அலமேலம்மாள் சுற்றிலும் பார்த்தார்.

"இறக்கை பின்னர் சமர்ப்பிக்கப்படும்னு எழுதுங்க," என்றார் தாழ்ந்த குரலில். "யாரும் கேக்கமாட்டாங்க."

அப்படித்தான் ஒச்சப்பன் கொசுவானான். வேலை என்னவோ பழைய வேலைதான், இடமும் பழைய இடம்தான். ஆனால் கொசுவை நிறுக்க விதி இல்லை. வயிறார வெட்டுக்கிளி தின்றான். வாய் வலிக்கக் கத்தினான், எச்சில் தெறித்தால் தெறிக்கட்டும் என்றிருந்தான். புழுதிக்காரி இரண்டாம் வாரம் நாலாவதாக வந்தாள், நாலாம் வாரம் முதலாவதாக. காடே ஈயத்தைக் கொண்டாடியது. என்ன அடக்கம், என்ன நிதானம் என்று கிளி எழுதியது. முயல்களுக்கு மறுபடி பிள்ளை பிறந்தது, பதினாறும் ஈயம்.

கார்காலக் கோப்பை வந்தது. இருபது குதிரைகள். கடைசி வளைவில் புழுதிக்காரி ஏழாவதாக இருந்தாள். ஒச்சப்பனுக்கு ஒரு கணம் மனசு திரும்பியது. நான் வாயை மூடினால் இவள் நின்றுவிடுவாள், ஈயத்தின் பெயர் பாறையில் ஏறாது, யாரால் ஓடினாள் என்று எல்லாருக்கும் உறைக்கும். மூடித்தான் பார்த்தான். மூன்று தப்படிகூட முடியவில்லை. முன்னால் இரண்டு குதிரைக்கு நடுவே ஒரு இடைவெளி திறந்தது. அதைப் பார்த்துவிட்டு எந்த ஜாக்கியால் சும்மா இருக்கமுடியும்? பூந்து போ தாயி, போயேன்டி என்று அவன் போட்ட சத்தத்தில் புழுதிக்காரி தலைதெறிக்க ஓடி, ஒரு மூக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

ஈயத்தை மேடைக்குத் தூக்கிப்போனார்கள். எடை அப்படியே இருந்தது. யானை மாலை போட்டார். வெற்றியின் ரகசியம் என்ன என்று கிளி கேட்டதற்கு ஈயம் ஒன்றும் சொல்லவில்லை, கூட்டம் கைதட்டியது. பாறையில் ஈயம் என்று கொட்டை எழுத்தில் வெட்டினார்கள். ஒச்சப்பன் மேடைப் படியில் கால் வைத்தபோது, கொசுவெல்லாம் மேலே வரக்கூடாது என்று காவலுக்கு நின்ற கழுதை விரட்டியது.

கடைசியாக ஒப்புக்குப் புழுதிக்காரியையும் ஏதாவது பேசச் சொன்னார்கள். அவள் சற்று யோசித்தாள்.

"எல்லாரும் ஈயத்தைச் சொல்றீங்க, சரிதான். ஆனா இன்னைக்கு ஒரு கொசு இருந்துச்சு பாருங்க. கொசுன்னா அதுதான் கொசு. எப்போ உயிரை எடுக்கணும்னு அதுக்குத் தெரியுது. அது மட்டும் இல்லேன்னா நான் ஜெயிச்சிருக்க மாட்டேன்."

கூட்டத்துக்கு அது புரியவில்லை, சிரித்துவிட்டுக் கலைந்தார்கள். ஒச்சப்பன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். பன்னிரண்டு வருஷத்தில் அவன் சவாரியைப் பற்றி அந்தக் குதிரை சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. சந்தோஷம் தாங்கவில்லை அவனுக்கு. நேராக அலமேலம்மாளிடம் போய், தற்காலிகக் கொசு வேலையை நிரந்தரமாக்கும் படிவம் ஒன்று வாங்கினான். ஜாதகத்தில் தேவாங்கு என்று இருந்த இடத்தையும் திருத்தித் தரமுடியுமா என்று கேட்டான்.

நீதி: கோப்பை வேண்டுமா, ஈயமாக இரு. பாராட்டு வேண்டுமா, கொசுவாக இரு. இரண்டும் வேண்டாம், பட்டினி போதும் என்றால் மட்டும் குதிரையேறப் போ.